இசைத்தட்டில் வாழும் கிட்டப்பா

மனிதன் மறைந்தாலும் அவன் செய்த வேலை நிற்கும் என்பது உலக வழக்கு. சிற்பி மறைந்தால் அவன் செதுக்கிய கல் நிற்கிறது. புலவன் மறைந்தால் அவன் எழுதிய ஏடு நிற்கிறது. பாடகனின் நிலைமை மட்டும் பன்னெடுங் காலமாக வேறாகவே இருந்து வந்தது. அவன் வேலை காற்றில் பிறந்து காற்றிலேயே கரைந்துவிடும். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் தம் கீர்த்தனங்களைப் பாடியபோது அவர் குரல் எவ்வாறு ஒலித்தது என்பதை இன்று எவராலும் கூற இயலாது. 1877ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுத் தாமஸ் ஆல்வா எடிசன் ஒலியைப் பிடித்து வைக்கும் கருவியைக் கண்டுபிடித்த பின்னரே இக்குறை நீங்கத் தொடங்கிற்று. அதன் வழிவந்த கிராமபோன் தென்னாட்டு வீடுகளில் வேரூன்றிய காலத்தில் வாழ்ந்து, இருபத்தேழே வயதில் மறைந்து, இசைத்தட்டுகளின் வாயிலாகவே இன்றும் நம்மிடையே பாடிக்கொண்டிருப்பவர் ஒருவர் உண்டு. அவர்தாம் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா.

நம் தங்கவயலில் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அப்பெயர் புதிதன்று. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடி இங்கு வந்த நம் முன்னோர் தகரப் பெட்டியில் துணிமணிகளோடு கூத்தும் பாட்டும் கொண்டுவந்தனர். அவர்கள் கேட்டு மகிழ்ந்த பாட்டுகளை நாம் அறியாமற் போவது முறையன்று. ஆகவே சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு அன்பர்கள் பணித்தபோது, கிட்டப்பாவின் வரலாற்றையே எழுதத் துணிந்தேன். நான் சங்கீதம் கற்றவன் அல்லன். ரயில்வேயில் கணக்கெழுதும் குமாஸ்தா. கேள்வி ஞானம் ஒன்றே என் முதல். பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், குற்றாலத்திற்கு அருகே அமைந்த சிற்றூர் செங்கோட்டை. மக்கள் பேசுவது தமிழே எனினும் அக்காலத்தில் அவ்வூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஆட்சியில் இருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோதுதான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. வேற்று ஆட்சியின் கீழ் வாழ்ந்தாலும் தமிழ் தமிழாகவே வாழும் என்பதற்குத் தங்கவயலில் வாழும் நமக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அவ்வூரில் கங்காதர ஐயர், மீனாட்சி அம்மாள் தம்பதிக்கு 1906ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி பிறந்தவர் கிட்டப்பா. பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். வீட்டில் பிள்ளைகள் பலர், வருவாயோ சொற்பம். பள்ளிக்கூடம் அனுப்பிப் பெரிய படிப்புப் படிக்கவைக்க வழியில்லை. ஆனால் அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இறைவன் குரல் என்னும் செல்வத்தை வாரி வழங்கியிருந்தான். மூத்தவர்கள் நாடக மேடையை நாடினர். அவர்கள் பின்னே, பால் மணம் மாறாத பருவத்திலேயே கிட்டப்பாவும் சென்றார்.

அக்காலத்து நாடகத்தைப் பற்றி இங்குச் சிறிது கூற வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் தமிழ் நாடகத்திற்குத் தந்தை போன்றவர். 1867இல் பிறந்து 1922இல் மறைந்த அப்பெரியார் புராணக் கதைகளைப் பாட்டும் வசனமுமாக எழுதி, சிறுவர்களைத் திரட்டிப் பயிற்சி அளித்து மேடையேற்றினார். பாலர் நாடக சபை என்றும், பாய்ஸ் கம்பெனி என்றும் மக்கள் அவற்றை அழைத்தனர். ஆண் வேடமும் பெண் வேடமும் சிறுவர்களே புனைவர். உணவு, உடை, உறைவிடம் யாவும் கம்பெனியின் பொறுப்பு. விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்தல், பகலில் பாடம் நெட்டுருப் போடுதல், இரவில் மேடை என நாள் கழியும். கடுமையான வாழ்க்கைதான். எனினும் எழுத்தறிவு பெற வழியில்லாத ஏழைச் சிறுவர்களுக்கு அதுவே பள்ளிக்கூடம், அதுவே கலைக்கூடம். சுவாமிகளின் சமரச சன்மார்க்க நாடக சபையில் பயின்றவர் கிட்டப்பா.

சங்கீதத்தில் அவருக்கு வீட்டிலேயே ஓர் ஆசான் வாய்த்தார். அண்ணன் காசி ஐயர் நல்ல ஞானஸ்தர். ஆர்மோனியம் வாசிப்பதில் வல்லவர். தம்பியின் குரல் எவ்வளவு உயரம் செல்லும், எங்கே வளையும், எங்கே நிற்கும் என்பதை அவர்போல் அறிந்தவர் வேறு எவரும் இலர். பிற்காலத்தில் தம்பி மேடையில் பாட அண்ணன் ஆர்மோனியத்தில் துணை நின்றார். இசைத்தட்டுகளைக் கேட்போர் குரலுக்குப் பின்னே நிழல்போல் தொடரும் ஆர்மோனியத்தையும் கவனித்தல் வேண்டும். குரல் பாய்ந்து சென்று வரும் இடமெல்லாம் அவ்வாத்தியம் பின்தொடர்வதில், கூடப் பிறந்தவர் அறிந்த அருமை தெரியும்.

1919ஆம் ஆண்டு, பதின்மூன்றாம் வயதில், கிட்டப்பா கன்னையா கம்பெனியிற் சேர்ந்தார். காட்சி ஜோடனைகளுக்குப் பேர் போன கம்பெனி அது. பெரும் திரைகளும், மின்னும் உடைகளும், தந்திரக் காட்சிகளும் கண்டு மக்கள் வியந்தனர். தசாவதாரம் முதலிய நாடகங்களை அக்கம்பெனி ஊர் ஊராக நடத்திற்று. இங்கே ரயிலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை என் தொழில் பற்றிக் கூறாமல் இருக்க இயலவில்லை. வண்டி வண்டியாகத் திரைகளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு நாடகக் கம்பெனிகள் ஊர் விட்டு ஊர் செல்ல வழி செய்தது இருப்புப் பாதையே. செங்கோட்டை வழியே கொல்லம் செல்லும் பாதை 1904இல் திறக்கப்பட்டது. நம் மாரிக்குப்பம் பாதையோ அதற்கும் பத்தாண்டுகள் முற்பட்டது. அன்று ரயில் சென்ற ஊர்களுக்கெல்லாம் நாடகமும் சென்றது.

கன்னையா கம்பெனியின் திரைகளைக் காணச் சென்றவர்கள் நாளடைவில் கிட்டப்பாவின் பாட்டைக் கேட்கச் செல்லலாயினர். இளைஞர் ஒருவர் மேடைக்கு வருவார், வாய் திறப்பார், கொட்டகை அடங்கிவிடும். அக்காலத்துக் கொட்டகைகளில் ஒலிபெருக்கி இல்லை. கீற்றுக் கொட்டகையில் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருப்பர். கடைசி வரிசையில் மண் தரையில் அமர்ந்திருப்பவன் காதிலும் ஒவ்வொரு சொல்லும் விழ வேண்டும். ஆகையால் நாடகப் பாடகர்கள் உச்ச சுருதியில் பாடும் பழக்கம் ஏற்பட்டது. பலர் அதற்காகக் கத்தினர். கிட்டப்பா கத்தவில்லை. பெண் குரலுக்கு நிகரான உயரத்தில் நின்றுகொண்டு, அங்கேயும் இனிமை குன்றாமல், சொல்லும் சிதையாமல் பாடினார். அவர் பெருமையின் வேர் இதுவே. அவருடைய பிருகாக்கள் முத்து மாலை அறுந்து உருள்வதுபோல் விரைந்து ஓடும். ஆயினும் ஒவ்வொரு முத்தும் தனித்தனியே தெரியும்.

இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியும்வரை நடைபெறும். ஒரு பாட்டு முடிந்ததும் ரசிகர்கள் ஒன்ஸ்மோர் என்று குரல் எழுப்புவர். கதை அங்கேயே நிற்கும். பாட்டு மறுபடியும் தொடங்கும். போர்க்களத்தில் நிற்கும் வீரனும், மரணப் படுக்கையில் கிடக்கும் மன்னனும் எழுந்து மீண்டும் பாடியாக வேண்டும். இதனைக் குறையாகக் கூறுவோர் உண்டு. நாடகம் என்ற முறையில் குறைதான். ஆனால் சபைகளில் சீட்டு வாங்கிக் கச்சேரி கேட்க வசதியற்ற எளிய மக்களுக்குக் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுசென்று கொடுத்தது அம்மேடையே. கிட்டப்பா தியாகராஜரின் கீர்த்தனத்தையும் பாடினார். தெம்மாங்கு மணக்கும் நாடகப் பாட்டையும் பாடினார். இரண்டுக்கும் ஒரே கொட்டகையில் ஒரே கைதட்டல் கிடைத்தது.

1926ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பம். அப்போது இலங்கைத் தீவில் தமிழ் நாடகங்களுக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. கொழும்பு நகரில் இளம் பெண் ஒருவர் தம் கணீர் என்ற குரலால் மக்களை மயக்கிக்கொண்டிருந்தார். அவர்தாம் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908இல் பிறந்தவர். வறுமையிற் பிறந்த அப்பெண் சிறு வயதில் ரயில் வண்டியில் பாடி வந்தார் என்றும், அப்பாட்டைக் கேட்டு வியந்தோர் அவரை நாடகத்திற்கு அழைத்துச் சென்றனர் என்றும் வழிவழியாகக் கூறுவர். கிட்டப்பாவும் அவரும் வள்ளி திருமணத்தில் சேர்ந்து நடிப்பது என்று ஏற்பாடாயிற்று. கிட்டப்பாவுக்கு ஈடுகொடுத்துப் பாடுவது எளிதன்று என்று பலர் அம்மையாரை எச்சரித்தனராம். அவர் அஞ்சவில்லை. மேடையில் இரு குரல்களும் மோதின. மோதியவை பின் கலந்தன.

இருவரும் 1927ஆம் ஆண்டில் மணம் செய்துகொண்டனர். கிட்டப்பா 1924இலேயே கிட்டம்மாள் என்பவரை மணந்தவர். ஆதலால் இவ்வாழ்க்கை தொடக்கத்திலிருந்தே முள்ளும் மலருமாக இருந்தது. மேடையில் அவர்கள் வேலனும் வள்ளியுமாக நின்றபோது தமிழகமே அவர்களைத் தம் வீட்டுப் பிள்ளைகளாகக் கொண்டாடியது. மேடைக்குப் பின்னே பிணக்கும் பிரிவும் அடிக்கடி நேர்ந்தன. அம்மையார் கொடுமுடியில் இருந்துகொண்டு உருக்கமான கடிதங்கள் எழுதிக் காத்திருந்த நாட்கள் பல. பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது நிறைகளை மட்டும் கூறி நிறுத்துவது வழக்கம். ஆயினும் அம்மையாரின் துயரத்தை மறைத்துவிட்டுக் கிட்டப்பாவின் புகழைப் பாடுவது நேர்மை ஆகாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தேச விடுதலை இயக்கம் நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. நாடக மேடையும் அதில் பங்கு கொண்டது. கிட்டப்பா கதர் உடுத்தினார். புராண நாடகங்களின் நடுவே தேசியப் பாடல்கள் ஒலித்தன. அன்றைய சர்க்கார் நாடகங்களைக் கண்காணித்து வந்தது. கைநிறையச் சம்பாதிக்கும் நடிகர் ஒருவருக்குச் சர்க்காரோடு பகை தேவையில்லை. ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. சுந்தராம்பாள் அம்மையாரும் தம் வாழ்நாள் முழுதும் தேசியத்தில் ஊன்றி நின்றார். பிற்காலத்தில் சத்தியமூர்த்தி அவர்களின் வேண்டுகோளை ஏற்றுக் காங்கிரஸ் மேடைகளிலும் பாடினார்.

இனி இசைத்தட்டுகளுக்கு வருவோம். கிட்டப்பாவின் பாடல்களைக் கொலம்பியா கம்பெனியார் பதிவு செய்து வெளியிட்டனர். அன்றைய தட்டு இன்று நாம் காணும் பொருள்களைப் போன்றதன்று. அரக்கும் கல்மாவும் கரியும் சேர்த்து வார்த்த கருந்தட்டு அது. கனமானது, கீழே விழுந்தால் கண்ணாடிபோல் உடைவது. ஒரு நிமிஷத்திற்கு 78 சுற்றுச் சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்திற்குச் சற்று மேல்தான் பாட இயலும். கைப்பிடியைச் சுற்றி முடுக்கி, எஃகு ஊசியைப் பொருத்தி, தட்டின் மேல் மெல்ல இறக்க வேண்டும். ஊசி தேய்ந்தால் தட்டும் தேயும். ஆதலால் பக்கத்திற்கு ஒரு புது ஊசி என்பது விதி. நம்மவர் பலர் ஒரே ஊசியைப் பல முறை பயன்படுத்தித் தட்டுகளைக் கெடுத்ததும் உண்டு.

இந்த மூன்று நிமிஷக் கணக்கு பாடகர்களுக்குப் பெரும் சோதனையாயிற்று. மேடையில் அரை மணி நேரம் விரித்துப் பாடிய ஒன்றை மூன்று நிமிஷத்திற்குள் அடக்க வேண்டும். ஆலாபனையைச் சுருக்க வேண்டும்; சரணத்தைக் குறைக்க வேண்டும்; ரசிகர்களின் கைதட்டலும் இல்லை. கிட்டப்பாவின் தட்டுகளைக் கேட்கும் இளைஞர் சிலர், இவர் ஏன் இவ்வளவு விரைவாகப் பாடுகிறார் என்று வினவுகின்றனர். அந்த விரைவில் பெரும் பகுதி தட்டின் விரைவு. கொட்டகையில் பொழுது விடியும்வரை பாடியவரை மூன்று நிமிஷச் சிமிழில் அடைத்தால் அவர் வேறு என்ன செய்வார்? அந்த நெருக்கத்திலும் சொற்களை விழுங்காமல், சுருதி விலகாமல், பாட்டின் உயிரைக் கெடாமல் கொடுத்தார் என்பதே வியப்பு.

அவர் தட்டுகளில் ரசிகர்கள் தலையாயதாகப் போற்றுவது எவரனி என்னும் தியாகராஜ கீர்த்தனம். தேவாமிருதவர்ஷிணி ராகத்தில் அமைந்தது. தெலுங்கு அறியாத எளிய மக்களும் அதனைக் கேட்டு மனப்பாடம் செய்தனர். இராமலிங்க அடிகளாரின் திருவருட்பாவில், கோடை வெயிலில் களைத்தவனுக்கு நிழல் தரும் மரமாக இறைவனைக் கண்டு உருகும் பாடல் ஒன்று உண்டு. அதனை அவர் பாடிய முறை தனிச் சிறப்புடையது. ஒவ்வோர் உவமையாக மேலே ஏறி, கடைசியில் இறைவனை விளிக்கும் இடத்தில் அவர் குரல் உச்சத்தைத் தொடும்போது, கேட்பவன் எந்தச் சமயத்தவனாயினும் மனம் நெகிழாமல் இருக்க முடியாது. வள்ளி திருமணத்தில் வேடன் கோலம் பூண்டு வந்த முருகன் காட்டு வழியில் பாடும் பாட்டோ வேறு சுவை. அதில் பக்தியில்லை, குறும்பு உண்டு. ஒரே குரல் இறைவனை நோக்கி அழவும், குறமகளை நோக்கிச் சிரிக்கவும் வல்லதாக இருந்தது.

அவர் எத்தனை கட்டைச் சுருதியில் பாடினார் என்பது பற்றி ரசிகர்களிடையே தீராத வாதம் உண்டு. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. தட்டைப் பதிவு செய்த வேகமும் நாம் சுழற்றும் வேகமும் சரியாக ஒத்திருந்தால்தான் சுருதி சரியாகக் கேட்கும். கருவி சற்று விரைந்து சுழன்றால் சுருதி ஏறும், தளர்ந்தால் இறங்கும். ஆகவே தட்டை மட்டும் வைத்துக் கொண்டு கட்டைக் கணக்குச் சொல்வது பொருத்தமன்று. எப்படிப் பார்ப்பினும் ஆண் குரலுக்கு அரிதான உயரம் அது என்பதில் ஐயமில்லை. நமக்குக் கணக்கு எதற்கு? கேட்கக் காது இருந்தால் போதும்.

இவ்வளவு உயரத்தில் இரவெல்லாம் பாடிய உடல் எத்தனை காலம் தாங்கும்? ஓய்வில்லாத பயணம், உறக்கமில்லாத இரவு, வேளை தவறிய உணவு இவற்றோடு மதுப் பழக்கமும் அவரைப் பற்றிக்கொண்டது என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். குரலை வள்ளல்போல் வாரி வழங்கியவர் உடலைப் பேணத் தவறினார். நோய் முற்றியது. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. நம்மில் பலர் அவ்வயதில் வாழ்க்கையையே தொடங்கியிருக்க மாட்டோம்.

சுந்தராம்பாள் அம்மையாருக்கு அப்போது வயது இருபத்தைந்து. அன்றே வெள்ளைப் புடவை உடுத்தி, அணிகலன்களைத் துறந்தார். இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். அந்நாளில் எவரும் கனவிலும் காணாத தொகை அது. அதிலும் அவர் ஏற்றது நந்தனார் என்னும் ஆண் வேடமே. 1953இல் ஔவையாராகவும், 1964இல் பூம்புகாரில் கவுந்தி அடிகளாகவும் தோன்றி, துறவும் முதுமையும் நிறைந்த பாத்திரங்களிலேயே நிலைத்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980இல் அவர் மறையும்வரை, ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள், தம் கணவரின் நினைவோடு வாழ்ந்தார். பிரிவும் பிணக்கும் மிகுந்த ஒரு சிறு மணவாழ்க்கைக்கு இத்தனை நீண்ட நோன்பா என்று நாம் வியக்கலாம். அம்மையாரின் மனத்தை அளக்க நம்மிடம் கோல் இல்லை.

காலத்தின் விளையாட்டை எண்ணும்போது மனம் நோகிறது. தமிழின் முதற் பேசும் படமாகிய காளிதாஸ் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி வெளிவந்தது. கிட்டப்பா மறைந்த மறு ஆண்டிலேயே, 1934இல், பவளக்கொடி படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் தோன்றித் தமிழ்நாட்டையே ஆட்கொண்டார். பாட்டுப் பாடத் தெரிந்த நடிகனுக்குப் படவுலகம் கதவைத் திறந்த வேளையில், அனைவரினும் மேலாகப் பாடத் தெரிந்தவர் இல்லாமற் போனார். அவர் நடை, அவர் முகம், அவர் சிரிப்பு இவற்றைக் காட்டும் திரைப்படம் ஒன்றும் நமக்கு இல்லை. அவர் பாணியைப் பின்பற்றியவர்கள் பலர். 1945இல் ஸ்ரீவள்ளி படத்தில் வேலனாக நடித்துப் பாடிய டி. ஆர். மகாலிங்கம் அவர்களின் உச்சக் குரலில் கிட்டப்பாவின் சாயலை மக்கள் கண்டு ஆறுதல் பெற்றனர். சாயல் சாயலே. மூலம் தட்டில் மட்டுமே உண்டு.

இப்போது என் வீட்டுச் செய்தி ஒன்றைக் கூற வேண்டியிருக்கிறது. என் பாட்டனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். சுதந்திரத்திற்குச் சில ஆண்டுகள் முன்பு, லைனில் உடன் வசித்த மூவரோடு பணம் சேர்த்துப் பழைய கிராமபோன் ஒன்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து இன்னொரு வீட்டுத் திண்ணைக்கு முறை வைத்துச் செல்லுமாம். அப்பெட்டியோடு வந்த தட்டுகளில் கிட்டப்பாவின் தட்டுகள் நான்கு. வாரம் முழுதும் இருட்டிலும் வெப்பத்திலும் பாறையைத் துளைத்தவர்கள், அந்த ஒரு நாளில் வெயிலில் அமர்ந்து, கோடையில் நிழல் தரும் மரத்தைப் பற்றிய பாட்டைக் கேட்டனர். அவர்களுக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியிருந்திராது.

பாட்டனார் மறைந்தார். பிறகு, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. தந்தையார் வேலை இழந்தார். வீட்டில் இருந்த பழம்பொருள்களைக் கழிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. பழைய சாமான் வாங்குபவன் கிராமபோனை எடுத்துக்கொண்டான், தட்டுகளைத் தொடவில்லை. அவை உருகி விற்காத சரக்கு என்று கூறிவிட்டான். வைத்துக்கொள்ளலாம் என்றார் தந்தையார். பாடும் பெட்டியே போன பின் தட்டு எதற்கு என்று வாதாடி, அவற்றைச் சுவரோரமாகக் கொண்டுபோய் வைத்தவன் நான்தான். அப்போது எனக்கு வயது இருபதுக்குச் சற்று மேல். பிள்ளைகள் அவற்றைச் சக்கரம் உருட்டி விளையாடினர். மறுநாள் மாலைக்குள் எல்லாம் கருஞ்சில்லுகளாயின. தந்தையார் ஒன்றும் கூறவில்லை. அவர் கூறாமல் இருந்ததன் கனம் அன்று எனக்குத் தெரியவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, பங்காரப்பேட்டையிலிருந்து வரும் வண்டியில் முதியவர் ஒருவர் தம் செல்பேசியில் பழைய பாட்டு ஒன்றைக் கேட்டுக்கொண்டு வந்தார். தட்டின் இரைச்சலுக்கு நடுவே ஓர் இளங்குரல் மேலே மேலே ஏறிற்று. யார் என்று வினவினேன். கிட்டப்பா என்றார். பாட்டனார் வீட்டுத் தட்டில் இருந்த அதே திருவருட்பாப் பாடல். அன்பர்கள் சிலர் தாங்கள் பாதுகாத்த பழந்தட்டுகளிலிருந்து அதைப் படியெடுத்து உலகிற்கு அளித்திருக்கின்றனர் என்று அவர் விளக்கினார். எங்கோ ஒருவர், நான் எறிந்த அதே வகைத் தட்டை எறியாமல் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார். அதனாலன்றோ அப்பாட்டு பிழைத்தது! அன்று மாலை வீட்டில் தந்தையாருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். மூன்று நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் மறுபடி என்று கையால் காட்டினார். நாடகக் கொட்டகையின் ஒன்ஸ்மோர் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒலியின்றி எழுந்தது.

கிட்டப்பாவின் புகழைக் காப்பாற்றியவர்கள் அரசரோ செல்வரோ அல்லர். தட்டை வாங்கியவர்கள், தேய்ந்த பின்னும் எறியாதவர்கள், மக்களுக்கும் பேரர்களுக்கும் போட்டுக் காட்டியவர்கள் ஆகிய எளிய ரசிகர்களே அவர்கள். நம் ஊரில் டன் கணக்கான பாறையை வெட்டி, இடித்து, அரைத்து, சில கிராம் தங்கம் எடுத்தார்கள். அதுபோல் இருபது ஆண்டு மேடை வாழ்வில் அவர் பாடிய எண்ணற்ற இரவுகளிலிருந்து நமக்குக் கிடைத்திருப்பவை சில தட்டுகளே. பாறை போயிற்று, மிஞ்சிய தங்கத்தையாவது போற்ற வேண்டாமா?

ஆகவே தங்கவயல் தமிழ்க் குடும்பத்தாருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணிலோ, பாட்டியின் பெட்டியிலோ பழைய இசைத்தட்டு ஒன்று கிடக்கலாம். அது எவருடைய பாட்டாயினும் எறிந்துவிடாதீர்கள். படுக்கப் போட்டு அடுக்கினால் கனம் தாங்காமல் வளையும். ஆதலால் நெட்டாக நிறுத்தி வையுங்கள். வெயிலும் ஈரமும் படாமல் காப்பாற்றுங்கள். படியெடுக்கத் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கேளுங்கள். இரைச்சலைப் பொறுத்துக் கொண்டால் சற்று நேரத்தில் குரல் தெளிவாகும்.

செங்கோட்டையில் பிறந்து இருபத்தேழு ஆண்டுகளே வாழ்ந்த அந்த இளைஞர், கேட்க ஒருவர் இருக்கும்வரை மறைந்தவர் ஆகார். வாழ்க கிட்டப்பாவின் இசை! வாழ்க அதனைக் காத்த ரசிகர்கள்!